கட்டைக்குத்து மாடியில் ட்ரெட்மில் வைக்கலாமா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது செங்கோட்டையில், 1956 நவம்பரில் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பே தாத்தா கட்டிய வீட்டில். மாடித் தளம் கான்கிரீட் அல்ல. தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கட்டைக்குத்துத் தளம்.

சர்க்கரைக்காகத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். சாரல் பிடித்துவிட்டால் தெருவில் நடக்க வழியில்லை என்பதால், 70 கிலோ எடையுள்ள ட்ரெட்மில் ஒன்றை வாங்கி மாடிக் கூடத்தின் நடுவில் போட்டேன். நடக்கும்வரை தொல்லை இல்லை. ஓடத் தொடங்கியதும் கீழே அலமாரியில் பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் தலையணையில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஓடும்போது ஒவ்வொரு காலடியும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு இறங்கும் என்பதால், கருவியின் எடையையும் என் 78 கிலோவையும் மட்டும் கூட்டிப் பார்ப்பது தவறு என்று புரிகிறது. கருவியைச் சுவரோரமாக, பல கட்டைகள் பளுவைத் தாங்கும்படி குறுக்காக நகர்த்தி, அடியில் 18 மி.மீ. ப்ளைவுட்டும் அதன்மேல் கனத்த ரப்பர் விரிப்பும் போட எண்ணியிருக்கிறேன். ரப்பர் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் தளத்தின் மேல் விழும் பளுவை அது குறைக்காது! கீழே வைக்கலாமே என்பீர்கள். அங்கே நெற்குதிரும் அம்மாவின் கட்டிலும் போக இடமில்லை.

இத்தகைய வீட்டில் ட்ரெட்மில் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் உத்திர முனையைக் கறையான் அரித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கட்டைக்குத்து வேலை தெரிந்த கொத்தனார் தென்காசி, புனலூர் பக்கம் இருந்தாலும் தெரிவிக்க வேண்டுகிறேன்.