வால்வு ரேடியோவில் டயல் கயிறு கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தாத்தாவின் மேசை ரேடியோவை வீட்டிலேயே சரிசெய்கிறேன். மரப்பெட்டி, உள்ளே ஈசிஎச்81, ஈபிஎஃப்89 வால்வுகள். பாதுகாப்புக்காக 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தேன். வால்வுகள் ஒளிர்கின்றன, ஆனால் கடுமையான இரைச்சல். வடிகட்டும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வேண்டும். 450 வோல்ட் தாங்கும் புதியவை வாங்கிவிட்டேன். மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுவேன். அது சரி.

டயல் கயிறுதான், அதாவது ட்யூனிங் குமிழைத் திருப்பும்போது நிலையம் காட்டும் முள்ளை நகர்த்தும் கயிறுதான் பிரச்சினை. அறுந்து உள்ளே விழுந்து கிடக்கிறது. ட்யூனிங் தண்டில் எத்தனை சுற்று, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. இதுபோன்ற செட் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கயிறு போகும் பாதையைப் படம் எடுத்துப் போட முடியுமா? கயிறு சென்னை ரிச்சி தெருவில் கிடைக்குமா?

அப்புறம், டயல் கண்ணாடியில் நிலையப் பெயர்கள் உதிரத் தொடங்கியிருக்கின்றன. ஈரத்துணி படாமல் அழுக்கெடுக்க வழி இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்த எழுத்துகளை இழக்க மனமில்லை.