முதலாளியான பிறகு தொழிலில் உண்மையாகவே மகிழ்ந்த தருணம் எது? (அனுபவப் பகிர்வு)

பவர்டேபிள், திருப்பூர்

கேள்வியைக் கேட்டவன் நான் என்பதால் நானே முதலில் எழுதுகிறேன். ஓவர்லாக் டெய்லராக இருந்து சொந்த யூனிட் வைத்தவன் நான். திருப்பூரில் என்னைப் போன்றவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பதால் அந்தக் கதை வேண்டாம். சரக்கு மறுநாள் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய ஓர் இரவில் டெய்லர்கள் இருவர் வரவில்லை. குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் (இழுவைத் துணிப் பட்டை) வைக்கும் வேலை அப்படியே தேங்கி நின்றது. நான் போய் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷினில் இருந்த அம்மா ஒரு நிமிடம் என் கையையே பார்த்துவிட்டு, "ரிப்பை இவ்வளவு இழுத்துப் பிடிக்காதீங்க சார், கழுத்து சுருங்கிக்கும்" என்றார். முதலாளி என்ற தயக்கம் அவர் குரலில் சிறிதும் இல்லை. அடுத்த பீஸ் சரியாக வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. விடியும்வரை தைத்தேன், பல ஆண்டுகளில் அத்தனை நிறைவான இரவு எனக்கு வாய்த்ததில்லை.

காலையில் அலுவலக அறைக்குத் திரும்பினால், பீஸுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்லிப் பையரின் (சரக்கு வாங்குபவரின்) மின்னஞ்சல் வந்திருந்தது. ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டைப் புதுப்பிக்க ஆவணம் கேட்டு வங்கியிலிருந்தும் அழைத்தார்கள். எந்த நாற்காலிக்காக அவ்வளவு உழைத்தேனோ அதில் கிடைக்காத மகிழ்ச்சி, எந்த ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தேனோ அதில் மட்டும் ஏன் இருக்கிறது? இதுதான் என்னைக் குடைகிறது.

வார்ப்படம், கோவை

அப்பாவுக்குப் பிறகு, மணல் அச்சில் இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியைப் பார்த்துக்கொள்பவள் நான். எங்கள் வேலை பம்ப் பாடிகள். புளோ ஹோல் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்: வார்ப்படம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், வாடிக்கையாளர் லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகுதான் உள்ளே இருக்கும் குழி வெளிப்படும். ஒரு மழைக்காலத்தில் எங்களுக்குச் சரக்கு திரும்பி வந்துகொண்டே இருந்தது. இரும்பின் வேதிச் சேர்மானம், ஊற்றும் வெப்பநிலை என்று நானும் பொறியாளரும் அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மணல் அச்சு செய்யும் எங்கள் மூத்த மோல்டர் இரண்டு கைகளிலும் மணலை இறுக்கிப் பிடித்தபடி அறைக்குள் வந்தார். "இது மழைக்கு முன்னால எடுத்து வெச்ச மண்ணு, இது இன்னைக்கு மண்ணு, உடைச்சுப் பாருங்க அம்மிணி" என்று இரண்டு கட்டிகளையும் என் மேசை மேல் இருந்த அறிக்கைகளின் மீதே வைத்தார். ஒன்று விரல் பட்டதும் சுத்தமாக உடைந்தது. மற்றது களிபோல் அப்பிக்கொண்டது. மழையில் நனைந்த புது மணலுக்கும் வழக்கமான அளவுக்கே தண்ணீர் விட்டுக் கலக்கியிருக்கிறார்கள். அச்சில் ஈரம் மிகுந்தால் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியேற வழியின்றி வார்ப்படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

யாரும் கேட்காமலே அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாரே, அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை லாப நட்டக் கணக்கு ஒருபோதும் கொடுத்ததில்லை. ஆகவே திருப்பூர் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் மெஷினில் உட்கார்ந்திருந்த அந்த இரவில் உங்கள் லைன் சூப்பர்வைசர் எங்கே நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. முதலாளி தைக்க உட்கார்ந்தால் முதலாளிக்கு மனம் நிறையலாம். ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த முறை சூப்பர்வைசர் யோசிக்க மாட்டார், உங்களுக்குத்தான் போன் செய்வார்.

நாள்காட்டி, சிவகாசி

எங்கள் ஊரில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை (மாதிரிப் படங்களின் தொகுப்பை) ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அச்சகத்தில் எல்லோரும் வேண்டாம் என்ற ஒரு படத்தை நான் பிடிவாதமாகச் சேர்த்திருந்தேன். ஏஜென்ட் ஒருவர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு அது போதும்.

ஆனால் நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. தொழிலில் மகிழ்ச்சி போவது பெரும்பாலும் வர வேண்டிய பணம் வராததால்தான். இளைய தொழிலதிபர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் உங்கள் பணத்தை வாங்குபவர் நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். போதாததற்கு, உரிய காலத்தில் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாதபடி, 2024-25 கணக்கீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவையும் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை ஏற்றினால், வங்கிகள் போட்டி போட்டு, ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும். பாக்கிப் பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் பாருங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை கெட்டுவிடும். வசூல் பேசும் வேலையை உறவினரிடம் கொடுக்காதீர்கள். இவற்றைச் செய்துவிட்டு மெஷினில் உட்காருங்கள், மணலையும் உடைத்துப் பாருங்கள்.

பவர்டேபிள், திருப்பூர்

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. என் பையர் இருப்பது ஜெர்மனியில். நம் ஊர் 45 நாள் சட்டம் அவரிடம் செல்லாது. மேலும் நான் கேட்டது வசூலைப் பற்றி அன்று. கோவை சகோதரியின் கேள்வி வலித்தது, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசர் அன்று பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

நேவி ப்ளூ, திருப்பூர்

சாயத் தொழிலில் இருக்கிறேன். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலப்பது நிற்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எங்கள் ஆலைகள் மூடப்பட்டது அனைவரும் அறிந்ததே. நாங்கள் உத்தரவை நொந்துகொண்டிருந்தோம். கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எங்களை நொந்துகொண்டிருந்தார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாறி மறுபடி திறந்தபோது எல்லோருக்கும் ஒரே பயம்தான் இருந்தது: சுத்திகரித்து மீட்ட தண்ணீரில் போட்டால் ஷேடு (கேட்ட நிறம்) வருமா?

முதல் பேட்ச் நேவி ப்ளூ. துணி காய்ந்ததும் சாய மாஸ்டர் ஒரு துண்டை வெட்டி, பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப் (ஆய்வகச் சாய மாதிரி) துண்டோடு சேர்த்து, நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். பிறகு இரண்டையும் கையில் எடுத்துக் கலைத்து மறுபடி வைத்து, "எது பழசுன்னு சொல்லுங்க" என்றார். நான் வெகுநேரம் பார்த்துத் தவறாகச் சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் தவறாகச் சொல்லி அவ்வளவு சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

வார்ப்படம் அம்மா, முதலாளி ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறீர்கள். எல்லா நேரத்திலும் அது சரிவராது. அந்த பேட்ச் ஓடி முடியும்வரை நான் மாஸ்டரின் பக்கத்திலேயே நின்றேன்; சாயத்தில் நான் கை வைக்கவில்லை. ஷேடு தவறினால் துணிக்கான பணம் என் பொறுப்பு என்பதை அவர் கண்ணால் பார்த்தால்தான், துணிந்து, சாயம் துணியில் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பின் அளவை மாற்றிப் பார்ப்பார்.

சிவகாசி ஐயா சொன்ன 45 நாள் சட்டம் ஜாப் ஒர்க் (பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயமிடுவது) செய்யும் எங்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நோட்டீஸ் அனுப்பினால் அடுத்த மாதம் துணி வராது. அனுப்ப வேண்டிய முகவரிகள் எல்லாம் பவர்டேபிள் நண்பரைப் போன்ற எக்ஸ்போர்ட்டர்களுடையவைதாம்.