60 பேர் சேர்ந்து செய்யும் களிமண் டைல் சுவர்: வளைவதையும் வெடிப்பதையும் தடுப்பது எப்படி?

மண்கை:
வணக்கம். ஒரு சமூகக் கூடத்தின் வெளிச்சுவரில் 60 டைல் கொண்ட புடைப்பு ஓவியம் வைக்கத் திட்டம். சுட்ட பிறகு ஒவ்வொன்றும் 15 செ.மீ. சதுரம் வரவேண்டும். சிறுவர் முதல் முதியவர் வரை ஆளுக்கு ஒன்று செய்வார்கள். பெரும்பாலோர் இதற்குமுன் களிமண்ணைத் தொட்டதில்லை.

சோதனைக்குச் செய்த 10 டைலில் நான்கு டைலின் மூலைகள் தூக்கிக்கொண்டன, இரண்டு பிஸ்க் சூட்டிலேயே (கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) வெடித்தன, ஒன்றில் ஒட்டிய இலை கழன்று விழுந்தது. நைசான ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் களிமண்), 6 மி.மீ. கனம், திறந்த வெளியில் 4 நாள் காய்ந்தது. பிஸ்க் 1000 டிகிரி, கிளேஸ் (கண்ணாடிபோன்ற மேல்பூச்சு) 1220 டிகிரி. மின்சூளை, தட்டு 40 செ.மீ. சதுரம், உள் உயரம் 60 செ.மீ. எதை மாற்ற வேண்டும்? ஆசையாகச் செய்தவர் எவருடைய டைலும் உடையக் கூடாது. அதுதான் என் பெரிய கவலை.

ஈரப்பதம்:
முதலில் மண்ணை மாற்றுங்கள். நைசான மண் அதிகம் சுருங்கும், அதிகம் வளையும். சுட்ட மண் பொடி 20 முதல் 25 சதவீதம் கலந்த ஸ்டோன்வேர் எடுங்கள். கனம் 12 மி.மீ. வேண்டும். 6 மி.மீ. தகட்டின் மேல் 2 செ.மீ. பூவை ஒட்டினால் தகடு முன்னாடியே காய்ந்துவிடும், பூ ஈரமாகவே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

வெட்டும் அளவைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். ஈர மண்ணில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, கிளேஸ் சூடு வரை சுட்டு அளந்து பாருங்கள். 8.8 செ.மீ. வந்தால் சுருக்கம் 12 சதவீதம். 15-ஐ 0.88-ஆல் வகுத்தால் 17.05, ஆக 17 செ.மீ. சதுரமாக வெட்ட வேண்டும்.

தகட்டை ஒரே திசையில் உருட்டாதீர்கள். திருப்பித் திருப்பி இரு திசையிலும் உருட்டி, ரப்பர் தகட்டால் இரு பக்கமும் அழுத்தித் தேயுங்கள். மண்ணுக்கு ஞாபகம் உண்டு: ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் வளையும், நீங்கள் தட்டி நேராக்கினாலும் சூளையில் பழைய வளைவுக்கே திரும்பும். பலகையோடுதான் நகர்த்த வேண்டும்.

மூலை தூக்குவதற்குக் காரணம், மேல்பக்கமும் ஓரங்களும் முதலில் காய்ந்து சுருங்க, அடிப்பக்கம் ஈரமாகவே கிடப்பது. ஈரம் உறிஞ்சும் ஜிப்சம் பலகை மேல் வைத்து, ஓரங்களைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை போட்டு, மொத்தத்தையும் தளர்வாக மூடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கம்பி வலைத் தட்டுக்கு மாற்றினால் அடியிலும் காற்று படும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் காயட்டும். பின்பக்கம் 3 மி.மீ. ஆழத்தில் நாலைந்து பள்ளக் கோடு இழுத்தால் காய்வதற்கும் நல்லது, பின்னால் சிமென்ட் பிடிப்பதற்கும் நல்லது.

தீக்கல்:
காற்றுக் குமிழி இருந்தால்தான் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். காற்று வெடிக்கவைக்காது, உள்ளே தங்கிய தண்ணீர்தான் 100 டிகிரியில் நீராவியாகி மண்ணைப் பிளக்கிறது. உங்கள் இரண்டும் வெடித்தது உள்ஈரத்தால். 12 மி.மீ.க்கு மாறினால் இந்த ஆபத்து கூடும், ஆகவே சூட்டை நிதானமாக ஏற்றுங்கள்.

85 டிகிரியில் 10 மணி நேரம் நிறுத்துங்கள், மூடியை ஒரு விரல் திறந்தபடி. பார்வைத் துளை அருகே குளிர்ந்த கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள். பனிபோல் படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. படியாத பிறகு 200 டிகிரி வரை மணிக்கு 60, அடுத்து 600 வரை மணிக்கு 100. 450 முதல் 600 வரை மண்ணோடு இரசாயனமாகப் பிணைந்த நீர் வெளியேறும், 573-இல் குவார்ட்ஸ் அமைப்பு மாறும். அந்த இடத்தில் அவசரம் கூடாது. அதற்குமேல் மணிக்கு 150. குளிரும்போது 100-க்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

40 செ.மீ. தட்டில் 17 செ.மீ. டைல் நான்கு பிடிக்கும். தட்டின் கனம் 1.5, தட்டுகளைத் தாங்கும் முட்டு 5 என்றால் ஒரு அடுக்குக்கு 6.5 செ.மீ.; ஒன்பது அடுக்கு, 36 டைல். ஆக இரண்டு முறை சூளை ஏற்ற வேண்டும். டைலின் அடியில் அலுமினா பொடியை மெல்லியதாகத் தூவினால் சுருங்கும்போது தடையில்லாமல் நகரும். கிளேஸ் சூட்டில் தூவுவதை அளவாக வையுங்கள், பொடி உதிர்ந்து கீழ் அடுக்கு டைலின் கிளேஸில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

கைச்சேர்க்கை:
ஆட்கள் பக்கத்தை நான் சொல்கிறேன். தகட்டை நீங்களே வெட்டி, நகம் பதியும் ஆனால் வளையாத பதத்தில் கொடுங்கள். உருட்டுவதை அவர்களிடம் விட்டால் 60 விதமான கனம் வரும். ஒரு அமர்வுக்கு 12 பேர், ஒன்றரை மணி நேரம். 8 வெற்று டைல் உபரியாக இருக்கட்டும்.

இலை கழன்றதற்குக் காரணம் பெரும்பாலும் வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியதுதான். இரு பரப்பையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணில் கரைத்த குழம்பைத் தடவி, குழம்பு ஓரத்தில் பிதுங்கும்வரை அழுத்த வேண்டும். ஒட்டும் துண்டும் தகடும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். உயரம் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தடித்த உருவத்தைப் பின்பக்கமாகக் குடையுங்கள். ஓரத்தில் 1 செ.மீ. காலியாக விடச் சொல்லுங்கள்.

வண்ணத்தை அன்றே, ஈரத் தகட்டின் மேலேயே அண்டர்கிளேஸால் (கிளேஸுக்கு அடியில் வரும் வண்ணம்) பூசச் சொல்வதுதான் என் முடிவு. பிஸ்க் ஆன பிறகு வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். கிளேஸை மட்டும் நீங்களே தெளியுங்கள். தடிமன் கூடினால் வழிந்து தட்டில் ஒட்டும். பெயரும் எண்ணும் பின்பக்கத்தில் ஊசியால் கீறப்பட வேண்டும், மை சூட்டில் எரிந்துபோகும்.

காய்ந்த டைலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, அதுவும் குழந்தைகள் இருக்கும் அறையில். ஈரப் பஞ்சால் ஓரம் மழுக்கவும், தரையை ஈரத் துணியால் துடைக்கவும், துடைப்பம் வேண்டாம்.

மண்கை:
நன்றி. வெளிச்சுவர் என்பதால் மழைநீர் உறிஞ்சாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? நேராகச் சுவரில் ஒட்டலாமா?

சுவர்ப்பணி:
உறிஞ்சுதலைச் சோதியுங்கள். கிளேஸ் போடாத, முழுச் சூடு கண்ட ஒரு துண்டைக் காயவைத்து எடை போட்டு, 5 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதிலேயே 24 மணி நேரம் ஊறவிட்டு, ஈரம் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் 204 ஆனால் 2 சதவீதம், போதும். 3-ஐத் தாண்டினால் கூடுதல் சூடோ வேறு மண்ணோ தேவை. உறைபனி விழும் இடம் என்றால் இதில் சமரசமே கூடாது.

சுவரில் நேராக ஒட்டாதீர்கள். 5 மி.மீ. இடைவெளியோடு 10 வரிசைக்கு 6 என்றால் சுமார் 155 செ.மீ.க்கு 93 செ.மீ. வரும். அதை நான்கு சிமென்ட் பலகையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் 5-க்கு 3 ஆக 15 டைல். கையால் செய்த டைல் 2 மி.மீ. முன்பின் இருக்கும் என்பதால் தரையில் முழுவதும் அடுக்கிப் பார்த்த பிறகே பசை. பாலிமர் கலந்த சிமென்ட் பசையைப் பலகைக்கும் டைலின் முதுகுக்கும் சேர்த்துத் தடவுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். இடைவெளியை நிரப்பக் கேக் அலங்கரிக்கும் கூம்புப் பை போன்ற ஒன்று எடுங்கள். கலவையை மேலே பரப்பித் துடைத்தால் புடைப்புகளுக்குள் புகுந்துவிடும்.

ஒரு பலகை 18 கிலோ அளவில் இருக்கும், இருவர் தூக்கலாம். துருப்பிடிக்காத எஃகுத் திருகால் சுவரில் பொருத்துங்கள், திருகுத் தலை வருவது பலகை ஓரங்களில். கூடத்தை இடித்துக் கட்டும் நாள் வந்தால் நான்கையும் கழற்றி வேறு சுவரில் மாட்டலாம். நேராக ஒட்டியதை உடைத்துத்தான் எடுக்க முடியும்.