ஏழு மாதச் சினை மாடு முக்கி முக்கி மூத்திரம் பெய்கிறது, கடைசியில் ரத்தம்

பாலக்கோடு கறவை:
வணக்கம். ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, ஏழு மாதச் சினை. நான்கு நாளாகக் கால் மணிக்கு ஒருமுறை வாலைத் தூக்கி முதுகை வளைத்து நிற்கிறது, ஆனால் ஒரு டம்ளர்கூட வருவதில்லை, கடைசிச் சொட்டு ரத்தமாக விழுகிறது. கேழ்வரகுத் தட்டைப் பாதிக்கு மேல் ஒதுக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சூடு என்றார், நெருஞ்சில் கஷாயம் இரண்டு நாள் கொடுத்தேன், குறையவில்லை. கரு கலைகிறதோ என்று பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் மாட்டுக்காரர்:
தம்பி, முதலில் காய்ச்சல் பாருங்கள். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்தால் 101.5 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். 105க்கு மேல் அடித்து, உடம்பில் உண்ணியும் இருந்து, மூத்திரம் காப்பி நிறத்தில் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் மூத்திரம் பிடித்து அசைக்காமல் வையுங்கள். அறையின் (பிறப்புறுப்பின்) கீழே விரலால் மெல்லத் தடவிக் கொடுத்தால் மாடு தானே பெய்யும், நடுவில் வருவதைப் பிடியுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் ரத்தம் மூத்திரப் பாதையிலிருந்து வருகிறது. படியாமல் முழுவதும் ஒரே சிவப்பாக நின்றால் ரத்தம் உடம்புக்குள்ளேயே உடைகிறது, அதற்கு வைத்தியம் வேறு.

கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி:
மேலே சொன்னது சரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிறுநீர்ப்பை அழற்சி போலத் தெரிகிறது, ஆனால் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் காய்ச்சல், சீழ்த் திரி, பால் இறங்குவது, மெலிவு எல்லாம் சேரும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் பெனிசிலின் வகை ஊசிதான் போடுவோம், இரண்டு மூன்று வாரம்கூடப் போகும். சினை மாடு என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். டெட்ராசைக்ளின் மருந்து வயிற்றுக் கன்றின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. எலிக்காய்ச்சல் கிருமியாக இருந்தால் கரு கலையலாம், மனிதருக்கும் ஒட்டும், ஆகவே கையுறை போட்டே பாட்டிலைத் தொடுங்கள். மாட்டைக் கொண்டு வர முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

பென்னாகரம் பண்ணை:
சார் சொல்லாமல் விட்ட ஒன்று, ஸ்டீராய்டு. போன வருடம் எங்கள் எட்டு மாதச் சினை மாட்டுக்குக் காய்ச்சல், ஊருக்குள் ஊசி போடும் ஒருவரைக் கூப்பிட்டோம், உடனே எழுந்துவிடும் என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டார். இரண்டாம் நாள் விடியற்காலை கன்று விழுந்தது, உயிர் இல்லை, கிடேரிக் கன்று. நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கிவிட்டது. என்ன மருந்து என்று பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்காமல் ஊசியைக் குத்த விடாதீர்கள் தம்பி, அந்தக் கன்றை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பாலக்கோடு கறவை:
எல்லோருக்கும் நன்றி. 102.8 டிகிரி இருந்தது. பாட்டிலில் சிவப்பு அடியில் படிந்தது, அதை அப்படியே மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். டாக்டர் வந்து ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தார், கன்று நன்றாக இருக்கிறதாம், தினமும் ஊசி. இன்று ஆறாம் நாள், மூத்திரம் தெளிந்துவிட்டது, தட்டையும் மிச்சம் வைப்பதில்லை. ஊசியை நிறுத்திவிடலாமா? மீதி இரண்டு லிட்டர் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா?

கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி:
நிறுத்தாதீர்கள். தெளிந்ததும் நிறுத்திய மாடுகள்தான் கன்று போட்ட சில வாரத்தில் இதே தொந்தரவோடு திரும்பி வருகின்றன, அப்போது சிறுநீரகம் வரை போயிருக்கும். அவர் சொன்ன நாள் முடியட்டும், முடிந்து பத்து நாள் கழித்து இன்னொரு பாட்டில் எடுத்துப் போங்கள். ஊசி போடும்வரையும், அதன்பின் அவர் சொல்லும் நாள் வரையும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. ஏழு மாதம் ஆகிவிட்டதே, பாலை வற்ற வைப்பது பற்றியும் அவரிடமே கேளுங்கள்.