கிணற்றில் ஏறும் உப்பு: மூலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பிடிக்க முடியுமா?

கரிசல்காடு:
சங்கரன்கோவில் பக்கம், குளத்துக்குக் கீழே 14 கிணறுகளில் குளோரைடு பார்த்தாச்சு. மாசில்லாத மேல்காட்டில் லிட்டருக்கு 120 மி.கி., மோசமான கிணற்றில் 1,900. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி, வேறு தண்ணீரே இல்லாத ஊருக்கும் 1,000தான் எல்லை. சந்தேகம் மூன்று இடங்கள்மேல்: சாயநீர் போகும் ஓடை, குப்பைக்கிடங்கு, செப்டிக் டேங்க் நெருக்கமான தெரு. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ மென்பொருளில் மாதிரி தயார். அளந்ததோடு பொருந்தும் மதிப்புகளைத் தானே தேடும் பெஸ்ட் (PEST) மென்பொருளை ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. எங்கே தப்பு?

மறுகால்:
பெஸ்ட்மேல் தப்பில்லை அண்ணாச்சி. மாசு பரவப் பரவத் தடயம் மங்கிவிடும். பக்கத்துச் சின்ன மூலமும் தூரத்துப் பெரிய மூலமும் ஒரே அளவைக் காட்டும். மூலத்தின் இடம், அளவு, காலம், நிலத்தின் ஊடுருவுதிறன் (தண்ணீரை எவ்வளவு எளிதாக விடும் என்பது) எல்லாவற்றையும் சேர்த்துத் தேடவிட்டால் இப்படித்தான் அலையும்.

நீர்மட்டத்தை வைத்து நீரோட்டத்தைச் சரிசெய்து பூட்டுங்க. பிறகு, அந்த நீரோட்டத்தில் மாசு பரவுவதைக் கணக்கிடும் எம்டி3டிஎம்எஸ் மென்பொருளில் மூன்று ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஒரே மூலம், நாளுக்கு 1 கிலோ குளோரைடு. 14 கிணற்றிலும் வரும் ஏற்றத்தை ஒரு நெடுவரிசையாக எழுதுங்க. குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. அதனால் மூன்று வரிசைகளையும் அந்தந்த மூலம் நாளுக்கு விடும் கிலோவால் பெருக்கிக் கூட்டினாலே போதும். அந்தக் கிலோதான் தெரியாதது. அளந்ததில் 120-ஐக் கழித்து, மீச்சிறு வர்க்க முறையில் (வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) தீருங்க. எக்செல் சால்வர் போதும். விடை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று கட்டாயம் போடணும். இல்லாவிட்டால் ஒரு மூலம் உப்பை உறிஞ்சுவதாகக் காட்டும்!

ஓடையும் கிடங்கும் ஒரே நீரோட்டக் கோட்டில் இருந்தால் இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே வரும். அதை எந்தக் கணக்கும் பிரிக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கியே ஆகணும்.

குளத்தடி:
நீர்மட்டம் எந்த மாசம் எடுத்தது? கார்த்திகையில் குளம் பெருகினால் கரைக்குக் கீழே ஊற்று ஏறி நீர்மட்டச் சரிவே திரும்பிவிடும். வைகாசியில் மோட்டார்கள் தங்கள் பக்கம் இழுக்கும். ஒரே சரிவை வருஷம் முழுக்க வைத்தால் கணக்கு குற்றமில்லாத இடத்தைக் கைகாட்டும். மழைக்கு முன், பின் என்று இரண்டு பருவமாவது வேண்டும்.

இன்னொன்று, நுண்துளை அளவு, அதாவது பாறையில் தண்ணீர் ஓடும் வெளியின் பங்கு. ஊடுருவுதிறன் நாளுக்கு 2 மீட்டர், சரிவு 0.005, நுண்துளை 0.02 என்றால் வேகம் நாளுக்கு அரை மீட்டர், வருஷத்துக்குச் சுமார் 180 மீட்டர். நுண்துளை 0.01 ஆனால் இரட்டிப்பு. பாறைப் பிளவில் எது சரி என்று நீர்மட்டம் சொல்லாது. இரண்டையும் வைத்து ஓட்டி, மாறாமல் நிற்கும் முடிவை மட்டும் நம்புங்க.

தண்ணீர் மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். 6 அங்குல போரில் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 60 மீட்டர் தண்ணீர் நின்றால் மூன்று மடங்கு, அதாவது 3,200 லிட்டர் இறைத்து, மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) நிலைத்த பிறகே பாட்டிலில் பிடிக்கணும். ஆழமான போரில் பல பிளவுத் தண்ணீர் கலந்து வரும். 12 மீட்டர் திறந்த கிணற்றோடு அதை ஒரே தட்டில் வைக்காதீங்க.

கரிசல்காடு:
நீர்மட்டம் வைகாசி மட்டும்தான். ஓடையும் கிடங்கும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன.

மறுகால்:
அப்போ குழாய் இறக்கும்வரை வேதியியலைத் துணைக்குக் கூப்பிடுங்க. சாயநீரில் சோடியம், சல்ஃபேட் தூக்கும், கிடங்கில் அம்மோனியம், பொட்டாசியம், தெருவில் நைட்ரேட். நைட்ரேட் யூரியாவிலிருந்தும் வரும், அதை மட்டும் வைத்துத் தெருவைக் குற்றம் சொல்லக்கூடாது. சல்ஃபேட்டும் அம்மோனியமும் வழியில் மாறும். அவற்றை வரிசையில் சேர்க்காமல் அடையாளத்துக்கு மட்டும் பாருங்க. தீர்க்கும்போது இரண்டு கிணறுகளை ஒதுக்கி வைத்து, வந்த விடை அவற்றின் அளவைச் சொல்கிறதா என்று கடைசியில் பார்த்துக்கிடுங்க.