மறு: தகடு வைத்த இடுப்பில் மூட்டு மாற்று – சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஒப்புதல் படிவம் ஒன்றைத் திங்களுக்குள் தமிழில் தரவேண்டும். தொடையெலும்பு இடுப்பருகே முறிந்து தகடோ ஆணியோ வைத்தும் சேரவில்லை என்றால் மூட்டையே மாற்றுகிறார்கள். இது 'கன்வெர்ஷன்'. 'மாற்று' ஏற்கெனவே மூட்டு மாற்றில் செலவாகிவிட்டது. 'மறு மூட்டு மாற்று' எனலாமா?

எலும்பு மருத்துவர்:
வேண்டாம். பழைய செயற்கை மூட்டைக் கழற்றி வேறு வைப்பதுதான் 'ரிவிஷன்'. இங்கே செயற்கை மூட்டு முதல்முறையாக வருகிறது. ஆனாலும் வழக்கமான மாற்றைவிடக் கடினம். திருகு கழற்றிய துளைகளில் எலும்பு வலுவிழந்திருக்கும்; மூட்டைப் பிடிக்கவைக்கும் எலும்புச் சிமெண்ட் இட்டால் அவ்வழியே கசியும். எனவே கடைசித் துளையைத் தாண்டி, எலும்பின் குறுக்களவைப்போல் இரு மடங்காவது இறங்கும் நீளத் தண்டை (செயற்கை மூட்டில் தொடையெலும்பினுள் செருகும் பகுதி) தேர்ந்தெடுப்போம். மூட்டு நழுவுவதும் கிருமித்தொற்றும் இதில் கூடுதல். இது தெரியாமல் ஒருவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது.

தமிழாசிரியர்:
சொற்கள் புணரும்போது நேரும் மாற்றமான விகாரம், தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். இருந்தது வேறாகிறது, இங்கும் அதுவே. 'திரிமூட்டு மாற்று' என்க. (திரிகடுகத்தின் 'திரி' வேறு, அது மூன்றைக் குறிக்கும் வடசொல்.)

செவிலியர்:
ஐயா, பால் திரிந்தது என்றால் கெட்டுப்போனது என்றுதான் எங்கள் வார்டில் பொருள். அறுவைக்கு முந்தைய நாள் அந்தச் சொல்லை ஒருவர் படிக்கவேண்டாம். 'ஆணி நீக்கி மூட்டு மாற்று' எல்லாருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
'ஆணிநீக்கி' கருவிப் பெயராகிவிடுமே, அம்மா, களைநீக்கிபோல.

எலும்பு மருத்துவர்:
பொருளும் தவறும். உடைந்து உள்ளே மாட்டிய திருகு தண்டுக்குத் தடையில்லை என்றால் விட்டுவிடுவதும் உண்டு. எல்லாருக்கும் பொது, முன்பு நேர்ந்த முறிவுதான். 'முறிவுவழி மூட்டு மாற்று' சரிப்படுமா?

தமிழாசிரியர்:
'வழி' என்றால் முறிவின் வாயிலாக என்றாகும். 'முறிவுப்பின்' என்க.

மொழிபெயர்ப்பாளர்:
வழியும் பின்னும் நன்னூலில் ஏழாம் வேற்றுமை உருபுகளே. வழித்தோன்றல் என்பதில் பின்வருவது என்ற பொருளும் இருக்கிறது. 'முறிவுவழி மூட்டு மாற்று' என்றே எழுதுகிறேன். அடியில் 'முன்பு எலும்பு முறிவுக்குத் தகடு, ஆணி வைத்தவர்களுக்குச் செய்வது' என்ற வரியும் வரும்.

செவிலியர்:
அந்த வரி மேலே வரட்டும், பெரிய எழுத்தில்.

தமிழாசிரியர்:
படிவத்துக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் குறிக்கவேண்டும். திரிதலுக்குரிய இடம் இதுதான்.