கோரைக்கிழங்கோடு மூன்று ஆண்டுகள்

வீடு கட்டி முடித்ததும் தோட்டத்துக்கு ஒரு லோடு செம்மண் அடித்தோம். கோரை அதோடுதான் வந்தது. முதல் மழைக்கு ரோஜாப் பாத்தியில் பளபளவென்று நாலைந்து முளைகள். புல்தானே என்று பிடுங்கிப் போட்டேன். பத்து நாளில் அதே இடத்தில் கொத்தாக நின்றது. தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தேன்; உருளவில்லை, மூன்று பட்டையாகத் தட்டியது. அப்போதுதான் கோரை என்று தெரிந்தது.

மண்வெட்டியால் கொத்தியது பெரிய தவறு. மண்ணுக்கடியில் கம்பி போன்ற தண்டில் கிழங்குகள் மணி கோத்ததுபோல் இருக்கின்றன. மேல்கிழங்கு முளைத்து நிற்கும்வரை கீழே உள்ளவை பெரும்பாலும் உறங்கும். அந்தக் கோர்வையை அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். நான் கொத்தக் கொத்தப் பெருகியது அதனால்தான். கறுப்பு பாலித்தீன் விரித்தேன். ஊசிபோன்ற முளை அதையும் குத்திக்கொண்டு வந்துவிட்டது.

போன சித்திரையில் பாத்தியை ஒரு அடிக்குத் தோண்டி, மணல் சலிக்கும் வலையில் மண் முழுவதையும் சலித்தேன். ஒரு வாளி நிறையக் கிழங்கு! கறுத்து, நார் மூடி, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக அப்படியொரு வாசனை. என் மாமியார் கொஞ்சம் கழுவிக் காயவைத்துக் குளியல் பொடிக்கு எடுத்துக்கொண்டார். மீதியை மொட்டைமாடியில் சருகாகும்வரை காயவிட்டேன். பச்சையாக உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், அங்கேயே முளைக்கும். இப்போதும் வாரத்துக்கு ஏழெட்டு முளை வருகிறது. மண்ணை நனைத்து, கிழங்கோடு உருவுகிறேன்.

மறுமொழி:
அக்கா, கோரைக்கு நிழல் ஆகாது. நான் பாத்தி முழுக்கப் பூசணிக் கொடியைப் படரவிட்டேன். இலை மூடிய இடத்தில் வெளிறி மெலிந்துபோனது. ஓரத்தில் வெயில் படும் இடத்தில் மட்டும் செழித்து நின்றது. கொடி காய்ந்ததும் மறுபடி தலைகாட்டியது, உடனே அடுத்த கொடியை ஏற்றிவிட்டேன்.

மறுமொழி:
எனக்கு வாய்த்தது மஞ்சள் பூப்பூக்கும் வெடேலியா. தரையை அழகாக மூடும் என்று நாற்றுப் பண்ணையில் கொடுத்தார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. வெட்டிய துண்டுகளைக் காம்பவுண்டுக்கு வெளியே வாய்க்கால் ஓரம் கொட்டினேன். அடுத்த மழைக்குள் கரை முழுக்க மஞ்சள். கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கரையைத்தான் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.